வீட்டில் புகையிலை வளர்த்துச் சுருட்டு சுற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செடி வளர்ப்பது சுலபம். சுற்றுவது கை பழகப் பழக வந்துவிடும். இரண்டுக்கும் நடுவே இலையைப் பாடம்போட்டு (நிழலில் மெல்ல உலர்த்தி), புழுங்கவைத்து (நொதிக்கவிட்டு), ஆறப்போடும் மாதங்கள் இருக்கின்றனவே, அங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். என்னிடம் கேட்கப்படும் கேள்விகளில் பாதி அந்தக் கட்டத்தைப் பற்றியவைதான். அதனால் பதில்களும் அங்கே நீளமாக இருக்கும்.

வீட்டில் மருந்தடிக்காமல் வளர்த்த புகையிலை உடம்புக்குக் கெடுதல் இல்லைதானே?

கெடுதல்தான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். புகையில் இருக்கும் தாரும் கார்பன் மோனாக்சைடும் இலை எரிவதால் வருபவை. இலை எந்தத் தோட்டத்தில் விளைந்தது என்பதால் அவை குறைவதில்லை. புகையிலைக்கே உரிய நைட்ரோசமைன் என்ற புற்றுநோய்க் காரணிகள் பாடம்போடும்போதும் நொதிக்கும்போதும் இலைக்குள்ளேயே உருவாகின்றன. நம் வீட்டு இலையிலும் அப்படித்தான். "நான் புகையை உள்ளே இழுப்பதில்லை" என்பதும் முழுப் பாதுகாப்பு இல்லை. சுருட்டுப் புகை காரத்தன்மை உள்ளது என்பதால் நிக்கோடின் வாய் வழியாகவே உடம்பில் ஏறும். வாய், தொண்டை, உணவுக்குழாய், நுரையீரல் புற்றுநோய்களுக்கும் சுருட்டுக்கும் உள்ள தொடர்பு உறுதியானது. பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு சிகரெட் பாக்கெட் அளவு புகையிலை இருக்கக்கூடும்.

புகைப் பழக்கமே இல்லாதவர் இதற்காகத் தொடங்க வேண்டாம். செடி வளர்க்க மட்டும் ஆசையென்றால் வளர்க்கலாம், பூவே அழகுதான்.

சட்டப்படி வளர்க்கலாமா?

நாட்டுக்கு நாடு மாறும். சில நாடுகளில் சொந்த உபயோகத்துக்கு வளர்க்கத் தடை இல்லை. ஆஸ்திரேலியாவில் உரிமம் இல்லாமல் வளர்ப்பதே குற்றம், ஒரு செடி என்றாலும். வளர்ப்பதை அனுமதிக்கும் நாடுகளிலும் விற்பது வேறு விஷயம். அங்கே வரியும் உரிமமும் வந்துவிடும். விதை வாங்கும் முன்பே உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துவிடுங்கள்.

எத்தனை செடி வைத்தால் போதும்?

நன்றாக வளர்ந்த ஒரு செடியில் 15 முதல் 20 நல்ல இலைகள் தேறும். பச்சை இலையின் எடையில் பெரும்பங்கு தண்ணீர். காய்ந்தபின் ஒரு செடிக்கு 100 கிராம் கிடைத்தால் நல்ல விளைச்சல். நடுத்தரச் சுருட்டு ஒன்றுக்கு 10 முதல் 15 கிராம் இலை போகும். நடுநரம்பு, கிழிந்த இலை, பூச்சி தின்றது எல்லாம் கழித்தால் செடிக்கு ஐந்தாறு சுருட்டு என்று வையுங்கள். முதல் வருடத்துக்கு 10 செடி போதும். அதற்கு மேல் போனால் தொங்கவிட இடம் தேடி அலைய வேண்டியிருக்கும்.

எந்த ரகம் வாங்குவது?

சுருட்டு ரகம் என்று கேட்டு வாங்குங்கள். வர்ஜீனியா ரகங்கள் சூடான காற்றில் மஞ்சளாக உலர்த்திச் சிகரெட்டுக்குப் போகிறவை. அவற்றை வைத்துச் சுருட்டின் சுவையை எதிர்பார்க்க முடியாது. கியூபாவிலிருந்து வந்த கிரியோயோ, கொரோஹோ, அமெரிக்காவின் கனெக்டிகட் பிராட்லீஃப், பென்சில்வேனியா வகைகள் வீட்டுத் தோட்டத்துக்கு ஒத்துவருபவை. ஒரே ஒரு ரகம்தான் வைக்க முடியும் என்றால் பிராட்லீஃப் என்பேன். இலை அகலமானது, தடிமனானது, கையாளும்போது சட்டென்று கிழியாது. சுருட்டின் உள்ளேயும் வைக்கலாம், மேலேயும் சுற்றலாம்.

நிக்கோடியானா ரஸ்டிகா என்ற வேறொரு இனமும் விதையாகக் கிடைக்கும். அதில் நிக்கோடின் மிக அதிகம். சுருட்டுக்கு அது வேண்டாம்.

விதை முளைக்கவே இல்லை. ஏன்?

பெரும்பாலும் மண்ணுக்குள் புதைத்திருப்பீர்கள். புகையிலை விதை தூசி போன்றது. ஒரு கிராமில் 10,000-க்கு மேல் இருக்கும். முளைக்க வெளிச்சம் வேண்டும். ஈரமான சலித்த மண்ணின் மேல் தூவி, மூடாமல் விடுங்கள். மேலிருந்து தண்ணீர் ஊற்றினால் விதை எல்லாம் ஒரு மூலைக்கு அடித்துப் போகும். தட்டில் தண்ணீர் வைத்து அடியிலிருந்து உறிஞ்ச விடுங்கள். 21 முதல் 27 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒன்று முதல் இரண்டு வாரத்தில் பச்சைப் புள்ளிகள் தெரியும்.

அடுத்த மூன்று வாரம் ஒன்றுமே வளராததுபோல் இருக்கும். கீழே வேர் ஓடிக்கொண்டிருக்கும், பொறுங்கள். விதைத்து ஆறு முதல் எட்டு வாரத்தில் நாற்று நடவுக்குத் தயார்.

தொட்டியில் வளருமா?

வளரும். 20 லிட்டர் மண் பிடிக்கும் தொட்டிக்குக் குறைய வேண்டாம். தரையில் வைத்த செடி ஆள் உயரத்தைத் தாண்டும், தொட்டிச் செடி கொஞ்சம் குட்டையாக நிற்கும்; அவ்வளவுதான் வித்தியாசம். தரையில் நடுவதானால் செடிக்குச் செடி 60 முதல் 90 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள்.

மண்ணும் உரமும் எப்படி இருக்க வேண்டும்?

தண்ணீர் தேங்கக் கூடாது. புகையிலை வேர் ஒரு நாள் தண்ணீரில் நின்றாலே இலை தொங்கிவிடும். லேசான அமிலத்தன்மை, அதாவது 5.8 முதல் 6.5 வரையிலான கார அமில நிலை, பிடிக்கும். மட்கிய தொழு உரம் போதுமான அடித்தளம்.

உரத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பொட்டாசியம் இலை சீராகக் கனன்று எரிய உதவும். குளோரைடு அதைக் கெடுக்கும். ஆகவே சாம்பல் சத்துக்கு மியூரேட் ஆஃப் பொட்டாஷ் போடாதீர்கள், அது பொட்டாசியம் குளோரைடு. பொட்டாசியம் சல்பேட் வாங்குங்கள். உப்புத் தண்ணீர்ப் பாசனமும் இதே காரணத்தால் ஆகாது. ஒரு வருட உழைப்பில் சுற்றிய சுருட்டு நிமிடத்துக்கு ஒருமுறை அணைந்தால், சுற்றிய கையைக் குறை சொல்வதற்கு முன் செடிக்குப் போட்ட உரத்தை யோசியுங்கள்.

தழைச்சத்து அதிகமானாலும் ஆபத்து. இலை கரும்பச்சையாக, தடியாக வரும், பழுக்கவே பழுக்காது, புகை தொண்டையைக் கீறும்.

தலை கிள்ள வேண்டுமா?

உள்ளே வைக்கும் இலைக்குக் கட்டாயம் கிள்ள வேண்டும். பூங்கொத்து தெரிந்ததும் அதை ஒடித்துவிட்டால் விதைக்குப் போகும் சத்து இலைக்குப் போகும். இலை கனக்கும், நிக்கோடினும் கூடும். நிக்கோடின் வேரில் உருவாகி இலைக்கு ஏறுவது. தலை கிள்ளியதும் அந்த உற்பத்தி வேகமெடுக்கிறது. மேலே சுற்ற மெல்லிய இலை வேண்டுமென்றால் ஓரிரு செடிகளைத் தாமதமாகக் கிள்ளி, வலை கட்டி நிழலில் வளர்க்கலாம். கனெக்டிகட் பள்ளத்தாக்கில் 1900 வாக்கிலிருந்து துணிப்பந்தலுக்குக் கீழே வளர்த்துவந்தது இதற்காகத்தான்.

கிள்ளியபின் இலைக் கணுவில் பக்க முளைகள் கிளம்பும். வாரம் ஒருமுறை பார்த்து ஒடித்துவிடுங்கள்.

விதைக்கு ஒரே ஒரு செடியை விட்டுவைத்தால் போதும். பூ தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். வேறு ரகம் கலக்காமலிருக்க, மொட்டு விரியுமுன் காகிதப் பையால் மூடிக் கட்டுங்கள்.

பூச்சிக்கும் நோய்க்கும் என்ன செய்வது?

நாம் பற்றவைத்துப் புகைக்கப்போகும் இலை அது. ரசாயன மருந்து வேண்டாம். புழுக்களைக் காலையிலும் மாலையிலும் கையால் பொறுக்குங்கள்; இலையின் அடியில் முட்டைக் கூட்டம் இருந்தால் அப்படியே நசுக்குங்கள். மீறினால் பி.டி. (பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்) என்ற பாக்டீரியா மருந்து புழுக்களைக் கட்டுப்படுத்தும். அசுவினிக்குத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி போய்விடும்.

நோய்களில் அஞ்ச வேண்டியது தேமல் நச்சுயிரி. உலகில் முதன்முதலில் கண்டறியப்பட்ட வைரஸே இதுதான்: 1892-இல் இவானோவ்ஸ்கி, 1898-இல் பெய்ரிங்க் ஆகியோரின் சோதனைகள் புகையிலைச் செடியில்தான் நடந்தன. காய்ந்த இலையிலும் அது உயிர்ப்போடு இருக்கும். சிகரெட் பிடித்த கையோடு நாற்றைத் தொட்டால் தொற்றும். அங்கிருந்து தக்காளிக்கும் மிளகாய்க்கும் தாவும், எல்லாம் ஒரே குடும்பம். நாற்றங்காலுக்குப் போகும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். இலையில் வெளிறலும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்திவிடுங்கள். அதற்கு மருந்து கிடையாது.

இலை பறித்த அன்று தலைசுற்றலும் வாந்தியும் வந்தது. சம்பந்தம் உண்டா?

உண்டு. ஈரமான பச்சை இலையிலிருந்து நிக்கோடின் தோல் வழியாக உள்ளே போகும். பனியோடு, மழைக்குப் பின், வியர்த்த உடம்போடு பறிக்காதீர்கள். கையுறையும் முழுக்கைச் சட்டையும் போடுங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளியுங்கள். பொதுவாக ஓரிரு நாளில் சரியாகும், வாந்தி நிற்காவிட்டால் மருத்துவரிடம் போய்விடுங்கள். குழந்தைகளையும் நாய் பூனைகளையும் செடிப் பக்கமே விடக் கூடாது. அவர்களுக்குச் சிறு அளவுகூட விஷம்.

எப்போது பறிப்பது?

கீழிருந்து மேலாக, பழுக்கப் பழுக்க. நடவு செய்து இரண்டு மூன்று மாதத்தில் அடியிலை வெளிற ஆரம்பிக்கும். நுனி கீழே வளையும், இலைப்பரப்பில் மஞ்சள் திட்டுகள் வரும், தொட்டால் பிசுபிசுக்கும். ஒரு தடவைக்கு இரண்டு மூன்று இலை, வாரம் ஒருமுறை.

பறிக்கும்போதே அடி, நடு, தலை என்று மூன்றாகப் பிரித்து அடையாளம் கட்டிவிடுங்கள். கியூபாக்காரர்கள் அடியிலையை வொலாடோ, நடு இலையை செகோ, தலையிலையை லிகெரோ என்பார்கள். அடியிலை நன்றாக எரியும், காரம் இல்லை. நடு இலையில் மணம். தலையிலை தடிமனானது, காரமானது, மெதுவாக எரிவது. காய்ந்தபின் மூன்றையும் கண்ணால் பிரிப்பது கடினம்.

பாடம்போடுவது எப்படி? வெயிலில் காயவைத்தால் ஆகாதா?

சுருட்டு இலைக்கு ஆகாது. பறித்த இலை உடனே சாவதில்லை. சில நாள் உயிரோடு இருந்து தன் மாவுச்சத்தைத் தானே சர்க்கரையாக்கித் தின்கிறது. பச்சையம் உடைந்து மஞ்சளாகிறது. பிறகு மெல்ல மெல்லப் பழுப்பேறுகிறது. வெயிலில் போட்டால் இந்த வேலை முடியுமுன் தண்ணீர் வற்றி, பச்சை அப்படியே உறைந்துவிடும்.

காம்புப் பக்கம் கயிற்றில் கோத்து, இலைக்கு இலை ஒட்டாமல் இடைவெளி விட்டு, நிழலான, காற்றோட்டமுள்ள அறையில் தொங்கவிடுங்கள். காற்றின் ஈரப்பதம் 65 முதல் 75 சதவீதம் இருக்க வேண்டும். மலிவான ஈரமானி ஒன்று வாங்கித் தொங்கவிடுங்கள், ஊகம் வேண்டாம். அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க: ஒரு மூடியில் சாப்பாட்டு உப்பைப் போட்டுச் சேறாகும்வரை மட்டும் தண்ணீர் விட்டு, மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் ஒரு நாள் முழுக்க மூடிவையுங்கள். 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் உங்கள் மானி 5 குறைத்துக் காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அறை வறண்டால் தரையில் தண்ணீர் தெளியுங்கள் அல்லது ஜன்னலைப் பாதி மூடுங்கள். மழைக்காலத்தில் 85-ஐத் தாண்டி நின்றால் இலை அழுக ஆரம்பிக்கும். உடனே மின்விசிறி போடுங்கள். முதல் இரண்டு வாரம் தினமும் பார்ப்பது அவசியம்.

ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். இலை பழுப்பானதும் முடிந்தது என்று இறக்கிவிடாதீர்கள். கடைசியாகக் காய்வது நடுநரம்பு. அதை மடித்தால் படக்கென்று ஒடிய வேண்டும். துவண்டால் இன்னும் ஈரம் இருக்கிறது. கட்டி வைத்தால் உள்ளே பூஞ்சை பிடிக்கும்.

பச்சையாகவே காய்ந்துவிட்டது. சரிசெய்ய முடியுமா?

முடியாது. அங்கங்கே திட்டாக இருந்தால் அதை வெட்டி நீக்கலாம். முழு இலையும் பச்சை என்றால் உரக்குழிக்குப் போகட்டும். நொதிக்கவைத்தாலும் புல் வாடை போகாது.

நொதித்தல் தேவைதானா? பாடம்போட்ட இலையை அப்படியே சுற்றினால் என்ன?

சுற்றிப் பாருங்கள், முதல் இழுப்பிலேயே தெரியும். நாக்கைக் கடிக்கும், மூக்கில் அம்மோனியா அடிக்கும். இலைக்குள் மிச்சமிருக்கும் புரதமும் மற்ற நைட்ரஜன் பொருள்களும் உடைந்து, அம்மோனியாவாக வெளியேற வேண்டும். சுருட்டின் மணம் என்று நாம் சொல்வது அதற்குப் பிறகு வருவது.

தொழிற்சாலைகளில் நூற்றுக்கணக்கான கிலோ இலையை ஈரப்பதத்தோடு குவித்து வைப்பார்கள். குவியல் தன் எடையாலும் நுண்ணுயிர், நொதிகளின் வேலையாலும் தானே சூடேறும். உள்ளே 45 - 50 டிகிரியை நெருங்கும்போது கலைத்து, உள்ளதை வெளியேயும் வெளியே இருப்பதை உள்ளேயும் மாற்றி மறுபடி குவிப்பார்கள். இப்படிப் பலமுறை. நம்மிடம் இருக்கும் ஒன்றிரண்டு கிலோ அப்படித் தானாகச் சூடேறாது. அதனால் வீட்டில் இரண்டு வழி.

முதல் வழி, சூட்டுப்பெட்டி. வெப்பம் கடத்தாத பெட்டி ஒன்று, பழைய குளிர்பெட்டி போதும். உள்ளே தண்ணீரைச் சூடாக்கும் சிறு கலம், அதைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட். சூடு 50 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் வாக்கில், நான்கு முதல் ஆறு வாரம். 50-க்கு வெகுவாகக் கீழே இறங்கவிட்டால் வெதுவெதுப்பில் பூஞ்சை செழிக்கும். 60-ஐத் தாண்டவிட்டால் வேலை செய்யும் நொதிகள் கெட ஆரம்பிக்கும். வாரக்கணக்கில் மின்சாரம் ஓடும் ஏற்பாடு என்பதால், தரமான வயரும் தானே துண்டிக்கும் பாதுகாப்பும் இல்லாமல் வைக்காதீர்கள். படுக்கையறைப் பக்கமும் வேண்டாம்.

இரண்டாவது வழி, பொறுமை. சற்றே ஈரப்பதமுள்ள இலையை இறுக்கிக் கட்டி, பெரிய கண்ணாடி ஜாடியில் போட்டு, வாரம் ஒருமுறை திறந்து காற்று காட்டி, ஒரு வருடமோ அதற்கு மேலோ விடுவது. என் ஓட்டு இதற்குத்தான். செலவில்லை, தீ பயமில்லை, இலை மிருதுவாக வருகிறது. அவசரப்படுகிறவர்களுக்கே சூட்டுப்பெட்டி.

எப்படிப் போனாலும் முடிந்ததற்கு அடையாளம் மூக்குதான். ஜாடியைத் திறந்தால் கண்ணைக் கரிக்கும் வாடை வரக் கூடாது. அது போய், தோல் மணமும் காய்ந்த வைக்கோல் மணமும் கலந்து வந்தால் சுற்றலாம்.

சுற்ற என்னென்ன கருவி வேண்டும்?

மரப்பலகை, கூர்மையான வளைகத்தி, கொஞ்சம் ஒட்டும் பசை. பசைக்கு பெக்டினையோ குவார் பிசினையோ தண்ணீரில் குழைத்தால் போதும். அச்சு இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் அச்சடிக்காத வெள்ளைத் தாளில் இறுக்கிச் சுருட்டி வைக்கலாம்.

சரி, சுற்றுவது எப்படி?

சுருட்டில் மூன்று அடுக்கு. உள்ளிலை, அதைக் கட்டும் கட்டிலை, மேலே அழகுக்கும் மணத்துக்கும் சுற்றும் மேலிலை. முந்தின நாளே நீராவி காட்டி இலைகளைப் பதப்படுத்துங்கள். உள்ளிலை மடித்தால் நொறுங்காத அளவு ஈரம் போதும். மேலிலை மட்டும் நன்றாகத் துவள வேண்டும், இழுத்தால் லேசாக நீள வேண்டும். எல்லா இலையையும் ஒரே ஈரத்தில் எடுத்தால் உள்ளே ஈரம் தங்கி இழுவை அடைத்துக்கொள்ளும்.

நடுநரம்பை உருவிவிடுங்கள். உள்ளிலைக்கு நுனியிலிருந்து முக்கால் நீளம் கிழித்தெடுத்தால் போதும். கட்டிலையும் மேலிலையும் இரண்டு பாதியாகப் பிரிய வேண்டும்.

இப்போது உள்ளிலை. ஒவ்வொன்றையும் நீளவாக்கில் விசிறி மடிப்பாக மடித்து உள்ளங்கையில் சேருங்கள். காரமான தலையிலை நடுவில், அதைச் சுற்றி நடு இலை, வெளியே அடியிலை. மடிப்புகளுக்கு நடுவே காற்றுப்பாதை இருக்க வேண்டும். கற்றையை விரல்களால் நுனி முதல் அடிவரை மெல்ல அமுக்கிப் பாருங்கள். எங்காவது கட்டியாகத் தட்டுப்பட்டால் அங்கே அடைக்கும், பள்ளமாக இருந்தால் அங்கே சூடேறிக் கசக்கும். இந்தத் தடவிப் பார்ப்பதில்தான் கைத்திறன் எல்லாம் இருக்கிறது.

கட்டிலையைச் சாய்வாக விரித்து, கற்றையை அதன் மூலையில் வைத்து உருட்டுங்கள். அச்சில் வைத்து அரை மணி அழுத்தம் கொடுங்கள். திருப்பிவைத்து இன்னொரு அரை மணி.

மேலிலையை நரம்புப் பக்கம் மேலே தெரியும்படி பலகையில் விரித்து, ஓரத்தை வளைகத்தியால் நீள நாடாவாக வெட்டுங்கள். பற்றவைக்கும் முனையில் தொடங்கி, வாயில் வைக்கும் முனை நோக்கி, ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றின் மேல் கொஞ்சம் ஏறும்படி இழுத்துப் பிடித்துச் சுற்றுங்கள். வழவழப்பான பக்கம் வெளியே வந்துவிடும். இடப்பாதி இலைக்கும் வலப்பாதி இலைக்கும் சுற்றும் திசை எதிரெதிர். நரம்பு சுருட்டின் நீளத்தோடு ஓடினால் திசை சரி. முடிவில் மிச்ச இலையில் காசளவு வட்டம் வெட்டி, பசை தொட்டுத் தலையில் ஒட்டுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் எரிகிறது, அல்லது நடுவில் குடைந்துகொண்டு போகிறது.

தலையிலை ஓரத்துக்கு வந்துவிட்டால் அந்தப் பக்கம் எரியாமல் பின்தங்கும். நடுவில் குடைந்தால் மேலிலையோ கட்டிலையோ இன்னும் ஈரமாக இருக்கிறது. சுற்றிய அன்றே பற்றவைத்தால் இரண்டும் நடக்கும். மூன்று நான்கு வாரமாவது ஆறவிடுங்கள்.

எப்படிச் சேமிப்பது? வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது, அதைத் துடைத்துவிடலாமா?

65 முதல் 70 சதவீத ஈரப்பதம், 18 முதல் 21 டிகிரி சூடு, காற்று அதிகம் புகாத பெட்டி. இதுதான் இலக்கு. சூடு 24-க்கு மேல் போனால் புகையிலை வண்டின் முட்டை பொரியும். சுருட்டில் குண்டூசித் துளை தெரிந்தால் அதன் வேலை. வீட்டு இலையில் முட்டை இருக்க வாய்ப்பு அதிகம் என்பதால், பெட்டியில் வைக்கும் முன் காற்றுப் புகாத பையில் போட்டு உறைபெட்டியில் ஒரு வாரம் வைத்து எடுங்கள். போகும்போதும் வரும்போதும் ஒரு நாள் சாதாரணக் குளிர்பெட்டியில் இருக்கட்டும், இல்லாவிட்டால் மேலிலை வெடிக்கும்.

வெள்ளைப் படிவம் பெரும்பாலும் பூஞ்சைதான், அதை முதுமையின் அழகு என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். மேலிலையில் மட்டும் லேசாக, வாடையில்லாமல் இருந்தால் சிலர் துடைத்துப் பயன்படுத்துகிறார்கள், நான் செய்வதில்லை. பற்றவைக்கும் முனையில் தெரிந்தாலோ, பஞ்சுபோல இருந்தாலோ, பச்சை நீலமாக இருந்தாலோ அந்தச் சுருட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, அதனோடு ஒட்டியிருந்தவற்றையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். பெட்டியைத் துடைத்துக் காயவைத்து, ஈரமானியை மறுபடி உப்பில் சோதித்துவிட்டு மீதியை உள்ளே வையுங்கள்.